ஐம்பது குறிப்பு, பன்னிரண்டரை நிமிடம்: ஜெப்பர்டி இணையத் தேர்வு, ஒரு நிகழ்வு ஆய்வு

திரையில் ஒரு குறிப்பு வருகிறது. அதைப் படிக்க ஏறக்குறைய 5 விநாடி போகும். விடையைத் தட்டச்சு செய்ய 3 விநாடி. மொத்தம் ஒதுக்கியிருப்பது 15. ஆக, யோசிக்கக் கிடைப்பது 7 விநாடிதான். அமெரிக்கத் தொலைக்காட்சியின் 'ஜெப்பர்டி!' வினாடி வினாவுக்கான இணையத் தகுதித் தேர்வு இந்த 7 விநாடியை ஐம்பது முறை திருப்பித் திருப்பித் தருகிறது. நிறையத் தெரிந்தவர்கள்கூட அந்த ஏழில் எப்படிச் சறுக்குகிறார்கள், எதைச் சரிசெய்தால் மதிப்பெண் கூடும் என்பதைத்தான் இந்த ஆய்வு பார்க்கிறது.

பின்னணி

மெர்வ் கிரிஃபின் உருவாக்கிய இந்த நிகழ்ச்சி 1964 மார்ச் 30 அன்று என்பிசியில் தொடங்கியது. இன்று ஓடுகிற மாலை நேர வடிவம் 1984 செப்டம்பரில் அலெக்ஸ் ட்ரெபெக்கோடு ஆரம்பித்தது. 2020 நவம்பரில் மறையும்வரை அவர்தான் நடத்தினார். இப்போது நடத்துபவர் கென் ஜென்னிங்ஸ், 2004-ல் தொடர்ச்சியாக 74 ஆட்டம் வென்றவர். ஆட்டத்தின் வழக்கம் தலைகீழானது. நடத்துபவர் ஒரு செய்தியைக் குறிப்பாகச் சொல்வார், போட்டியாளர் அதற்குரிய விடையைக் கேள்வி வடிவில் சொல்ல வேண்டும்.

முன்பெல்லாம் தகுதித் தேர்வு எழுத நேரில்தான் போக வேண்டும். லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் போகவேண்டும், இல்லையேல் தேர்வுக் குழு நம் ஊர்ப் பக்கம் வரும்வரை காத்திருக்க வேண்டும். 2006-ல் முதல் இணையத் தேர்வு வந்தது. அதுவும் குறிப்பிட்ட சில இரவுகளில், நேர மண்டலம் பார்த்து நடந்தது. அந்த இரவில் மின்சாரம் போனாலோ குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலோ அடுத்த அறிவிப்புவரை காத்திருக்க வேண்டியதுதான். 2016-ல் கனடாவில் வசிப்பவர்கள் அந்நாட்டுத் தனியுரிமைச் சட்டச் சிக்கலால் தேர்வு எழுத முடியாமல் போய், பிறகு மீண்டும் அனுமதிக்கப்பட்டார்கள். 2020-ஐ ஒட்டி 'எப்போது வேண்டுமானாலும் எழுதும் தேர்வு' வந்தது. இப்போது 18 வயது நிரம்பியவர், தகுதி விதிகளுக்கு உட்பட்டால், தமக்கு வசதியான நாளில், வசதியான நேரத்தில் உட்காரலாம். ஆனால் ஆண்டுக்கு ஒரு முறைதான். இந்த 'ஒரு முறை'தான் இங்கே எல்லாவற்றையும் முக்கியமாக்குகிறது. வசதியான நேரத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நம் கையில் இருப்பதால், வசதியில்லாத நேரத்தில் எழுதியதற்குச் சாக்கும் இல்லை.

இடம் எவ்வளவு என்று பார்த்தால், ஒரு பருவத்துக்கு 230 ஆட்டம். வழக்கமான ஆட்டம் ஒவ்வொன்றிலும் முந்தைய வெற்றியாளரோடு இரண்டு புதியவர்கள் நிற்பார்கள். எல்லா ஆட்டமும் அப்படியே நடந்தாலும் 460 பேர். பழைய வெற்றியாளர்களுக்கான சிறப்புத் தொடர்களைக் கழித்தால் 400-ஐ ஒட்டி நிற்கும். இணையத் தேர்வு எழுதுபவர்களோ ஆண்டுக்குப் பல பத்தாயிரம் பேர்.

தேர்வின் அமைப்பு

50 குறிப்பு, 50 வெவ்வேறு தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் 15 விநாடி. ஐம்பதைப் பதினைந்தால் பெருக்கினால் 750 விநாடி, அதாவது பன்னிரண்டரை நிமிடம். தலைப்பும் குறிப்பும் ஒன்றாகத் திரையில் தெரியும். கீழே விடைப் பெட்டி. நேரம் முடிந்தால் அடுத்தது வந்துவிடும், திரும்பிப் போக வழி கிடையாது. தேர்ந்தெடுக்க நான்கு விடைகள் கொடுக்கப்படுவதில்லை. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பும் இல்லை. கேள்வி வடிவில் எழுத வேண்டிய கட்டாயமும் இல்லை.

மதிப்பெண் சொல்லப்படுவதில்லை. தேர்ச்சிக் கோட்டையும் நிகழ்ச்சி அதிகாரபூர்வமாக அறிவித்ததில்லை. 50-க்கு 35 என்பதுதான் போட்டியாளர்கள் நடுவே நெடுங்காலமாக வழங்கிவரும் கணக்கு. பயிற்சிக்கு அதையே குறியாக வைப்பது சரி. ஆனால் வீட்டில் 35 எடுப்பவர் தேர்வில் 32-க்கு இறங்குவது இயல்பு. அதனால் பயிற்சியில் 40 வரத் தொடங்கிய பிறகு தேர்வுக்கு உட்காருவதே விவேகம்.

ஏழு விநாடி எங்கே போகிறது

இந்தியாவில் போட்டித் தேர்வு எழுதிப் பழகியவர்களுக்கு இங்கே இரண்டு பழக்கங்கள் குறுக்கே நிற்கும். முதலாவது, நான்கு விடைகளைப் பார்த்து ஒன்றைப் பொறுக்கும் பழக்கம். நான்கில் ஒன்றாகக் கண்ணில் பட்டால் 'இதுதான்' என்று அடையாளம் காண்பது வேறு, வெற்றுப் பெட்டியின் முன்னால் அந்தப் பெயரை மனத்திலிருந்து இழுத்து வருவது வேறு. லாட்வியாவின் தலைநகர் ரீகா என்று பட்டியலில் பார்த்ததும் சொல்லிவிடுவார்கள். பட்டியல் இல்லாமல் கேட்டால் ரீகா, டாலின், வில்னியஸ் மூன்றும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றுவிடும். இரண்டாவது பழக்கம் இன்னும் ஆபத்தானது. யுபிஎஸ்சி முதல்நிலைத் தேர்வில் தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் வெட்டுவார்கள். அங்கே தெரியாததை விட்டுவிடுவது புத்திசாலித்தனம். இங்கே அதே செயல் நேரடி நட்டம்.

எவ்வளவு நட்டம் என்பதற்கு ஒரு மாதிரிக் கணக்கு. ஒருவருக்கு 30 குறிப்புகள் உறுதியாகத் தெரியும். 10 குறிப்புகளில் 'இதுவாக இருக்கலாம்' என்ற பாதி நினைவு, அவற்றில் பாதிக்குப் பாதி சரியாக வரும். மீதி 10 சுத்தமாகத் தெரியாது. உறுதியானவற்றை மட்டும் எழுதினால் 30. பாதி நினைவையும் எழுதினால் 35. தெரியாத பத்தில் ஒரு நாட்டின் பெயரையோ ஓர் அதிபரின் பெயரையோ இட்டு நிரப்பி ஒன்று தப்பித் தவறிச் சரியானால் 36. அறிவு அதேதான். கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதைத் தீர்மானித்தது பெட்டியை நிரப்பும் துணிச்சல். எனவே 11-ஆம் விநாடிக்குள் ஏதாவது ஒரு சொல் பெட்டியில் இருக்க வேண்டும் என்று கைக்கு விதி வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு நல்லது தோன்றினால் மாற்றிக்கொள்ளலாம்.

நிகழ்ச்சியைத் தீவிரமாகப் பார்ப்பவர்கள் வீட்டிலேயே 'கொரியாட் மதிப்பெண்' கணக்கிடுவது வழக்கம். ஆட்டப் பலகையில் ஒவ்வொரு குறிப்பும் ஒரு டாலர் தொகை எழுதிய கட்டத்தில் இருக்கும். சரியானதற்கு அந்தக் கட்டத்தின் தொகையைக் கூட்டி, தவறுக்குக் கழிக்கும் முறை அது. மேடையில் ஆடப்போகிறவருக்கு மிக நல்ல அளவுகோல். ஆனால் இணையத் தேர்வுக்குத் தயாராகும்போது அதைக் கொஞ்சம் ஒதுக்கிவைப்பது நல்லது. கழித்தல் இருக்கிற முறையில் பழகப் பழக வாய் மூடிக்கொள்ளக் கற்றுக்கொள்கிறோம். இந்தத் தேர்வு கேட்பது அதற்கு நேர் எதிரானது.

தட்டச்சும் பார்க்க வேண்டியதுதான். நிமிடத்துக்கு 40 சொல் வேகம் என்றால் விநாடிக்கு மூன்று எழுத்துக்குச் சற்று மேல். 'டங்ஸ்டன்' ஆங்கிலத்தில் 8 எழுத்து, இரண்டரை விநாடி. மேடைப் பழக்கத்தில் 'வாட் இஸ்' என்று முன்னால் சேர்த்தால் இடைவெளியோடு இன்னும் 8 தட்டல், இன்னும் இரண்டரை விநாடி. யோசிக்கக் கிடைத்த ஏழில் மூன்றிலொரு பங்குக்கு மேல், யாரும் கேட்காத ஒரு மரியாதைக்குப் போய்விடுகிறது.

குறிப்பைப் படிக்கும் விதம்

முதலில் தலைப்பு. அதில் ஒரு சொல்லோ எழுத்தோ மேற்கோள் குறிக்குள் இருந்தால், அந்த எழுத்துகள் விடைக்குள் இருந்தாக வேண்டும் என்பது ஜெப்பர்டியின் மரபு. தலைப்பைத் தாவிப் போகிறவர் இந்த இலவச உதவியைக் கைவிடுகிறார். அடுத்தது 'இந்த' என்ற சொல். 'இந்த நாடு', 'இந்த உலோகம்', 'இந்த அதிபர்' என்று குறிப்பு எதைக் கேட்கிறது என்பதை அந்தச் சொல்தான் காட்டும். அலாஸ்காவை 1867-ல் 72 லட்சம் டாலருக்கு வாங்கிய செய்தி ஒரு குறிப்பில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்பது மாநிலத்தையா, விற்ற நாட்டையா, பேரம் பேசிய வெளியுறவு அமைச்சர் வில்லியம் சீவார்டையா என்பது 'இந்த' நிற்கும் இடத்தைப் பொறுத்தது. அவசரத்தில் அலாஸ்கா என்று அடித்துவிட்டு அடுத்ததற்குப் போனவருக்குத் தாம் தவறு செய்தது கடைசிவரை தெரியாது. தெரிந்த விடயத்தில் இழக்கும் மதிப்பெண் இதுதான், மிகவும் வலிக்கக்கூடியதும் இதுதான்.

நல்ல குறிப்பு ஒன்றில் பெரும்பாலும் இரண்டு பிடிகள் இருக்கும். 'இதன் வேதியியல் குறியீடு ஜெர்மன் பெயரிலிருந்து வந்த டபிள்யூ. பழைய மின்விளக்கு இழைகள் இந்த உலோகத்தால் ஆனவை.' வோல்ஃப்ராம் என்ற பெயர் தெரியாவிட்டாலும் இழை என்ற பிடியைப் பற்றி டங்ஸ்டனுக்குப் போய்விடலாம். ஒரு பிடி வழுக்கினால் அதோடு மல்லுக்கட்டாமல் அடுத்ததற்குத் தாவ வேண்டும்.

வேறொரு வகைக் குறிப்பு இருக்கிறது, அதில் கணக்குப் போட்டால் நேரம் போய்விடும். 'தன் மாநிலத்தின் பெயரோடு ஆங்கிலத்தில் ஒரே ஒரு எழுத்தைக்கூடப் பகிராத மாநிலத் தலைநகர்.' ஐம்பது தலைநகரையும் வரிசையாக ஓட்டிப் பார்க்க 15 விநாடி போதாது. தெற்கு டகோட்டாவின் பியர் என்று முன்பே படித்து வைத்திருந்தால் ஒரு விநாடி வேலை. ஆகவே இத்தகைய குறிப்பு வந்தால் முதலில் தோன்றும் தலைநகரை அடித்துவிட்டு மனத்தை அடுத்ததற்குத் தயார் செய்வதே சரி. கடந்து போன குறிப்பை நினைத்துக்கொண்டே அடுத்த குறிப்பைப் படிப்பவர் ஒன்றுக்கு இரண்டாக இழக்கிறார்.

விடையை எழுதும்போது

பொதுவாகக் குடும்பப் பெயர் போதும். ஆனால் மேடையில் 'இன்னும் தெளிவாகச் சொல்லுங்கள்' என்று கேட்க ஒருவர் இருக்கிறார், இங்கே இல்லை. ரூஸ்வெல்ட் என்று மட்டும் எழுதினால் 26-ஆவது அதிபர் தியடோரா, 32-ஆவது அதிபர் ஃபிராங்க்ளினா என்று யாரும் திருப்பிக் கேட்கப்போவதில்லை. ஆடம்ஸ், ஜான்சன், ஹாரிசன், புஷ் எல்லாமே இப்படி இரட்டைப் பெயர்கள். முதல் பெயரின் முதலெழுத்தையாவது சேர்த்துவிட வேண்டும். ஒரே பெட்டியில் இரண்டு விடைகளைச் சாய்கோடு போட்டு எழுதுவதைத் தவிர்க்க வேண்டும்.

எழுத்துப்பிழைக்குப் பயப்பட வேண்டாம். ஒலி மாறாமல் இருந்தால் பொதுவாகப் போதும் என்பதே நிகழ்ச்சியின் வழக்கம். ஒலி மாறினால் என்ன ஆகும் என்பதற்கு மேடையிலேயே ஒரு முன்னுதாரணம் உண்டு. 2013-ல் சிறுவர் வாரத்தின் இறுதிச் சுற்றில் 12 வயதுச் சிறுவன் ஒருவன், லிங்கனின் 'எமன்சிபேஷன் பிரகடனம்' என்பதை ஒரு 'டி' எழுத்தைக் கூடுதலாகச் சேர்த்து எழுதினான். அந்த எழுத்து உச்சரிப்பை மாற்றிவிட்டது என்று விடை ஏற்கப்படவில்லை. விட்டுப்போன எழுத்தைவிடப் புதிதாக முளைத்த எழுத்து ஆபத்தானது. ஐயம் இருந்தால் வாய்க்குள் உச்சரித்துப் பார்த்து, காதில் விழுகிறபடி எழுதுவது நல்ல வழி.

கருவியும் இடமும்

கைப்பேசியில் எழுத முடிந்தாலும் எழுதாமல் இருப்பது நல்லது. திரை விசைப்பலகை பாதித் திரையை மறைக்கும். தானியங்கித் திருத்தம் 'வில்னியஸ்' போன்ற பெயர்களைத் தனக்குத் தெரிந்த ஏதோ ஒரு சொல்லாக மாற்றிவிடும், நாம் கவனிப்பதற்குள் நேரம் முடிந்துவிடும். மேசைக் கணினி அல்லது மடிக்கணினி, முழு விசைப்பலகை, முடிந்தால் கம்பிவழி இணையம். வைஃபைதான் என்றால் ரூட்டர் இருக்கும் அறையிலேயே உட்காருங்கள், வீட்டில் மற்றவர்கள் அந்த நேரத்தில் படம் ஓட்ட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். உலாவியில் ஒரே ஒரு தாவல். விளம்பரத் தடுப்பு, எழுத்துத் திருத்தம், மொழிபெயர்ப்பு நீட்சிகளை அணைத்துவிடுங்கள். கணினி நடுவே புதுப்பித்தலுக்குப் போகாமல் இருக்க, அரைமணி முன்பே ஒரு முறை அணைத்துப் போட்டால் போதும். தமிழ் விசைப்பலகை வைத்திருப்பவர்கள் அதை ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டு உட்கார வேண்டும். முதல் குறிப்பில் ஆங்கிலத்துக்குப் பதில் தமிழ் எழுத்து விழுந்தால் பதற்றத்திலேயே மூன்று குறிப்பு போய்விடும்.

நேரம் என்றால் உங்கள் மூளை விழித்திருக்கும் நேரம். சாப்பிட்ட உடனே வேண்டாம். மேசையில் ஒரு குவளை தண்ணீர் தவிர வேறெதுவும் தேவையில்லை.

தேட வேண்டும் என்ற ஆசை வரும். 15 விநாடியில் தேடிப் படித்து அடிக்க முடியாது என்பது ஒரு பக்கம். மறுபக்கம், அடுத்த சுற்றில் கேமராவுக்கு முன்னால் மீண்டும் 50 குறிப்புகள் எழுத வேண்டும். இரண்டாவது தேர்வு வைத்திருப்பதற்கான காரணங்களில் இது ஒன்று. முதலாவதில் கடன் வாங்கிய மதிப்பெண்ணை அங்கே திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும்.

எதைப் படிப்பது

தமிழ்நாட்டில் பள்ளி முடித்து அமெரிக்காவிலோ கனடாவிலோ வாழ்பவருக்கு அறிவியலும் உலக வரைபடமும் பெரும்பாலும் கைவசம் இருக்கும். பள்ளம் வேறு இடத்தில். அமெரிக்கக் குழந்தைப் பருவம் என்ற ஒரு முழு உலகம்: அவர்களுடைய தாலாட்டுப் பாடல்கள், காலை உணவுப் பண்டங்களின் பெயர்கள், கல்லூரி விளையாட்டு அணிகள், ஞாயிறு பள்ளியில் கேட்ட விவிலியக் கதைகள். அங்கே வளர்ந்தவருக்குப் படிக்காமலே வருகிற இவற்றை நாம் பாடமாகவே படிக்க வேண்டியிருக்கிறது. அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. 2019-ல் 32 ஆட்டம் வென்ற ஜேம்ஸ் ஹோல்சாவர், தமக்கு ஆர்வமில்லாத துறைகளைச் சிறுவர் நூல்களை வைத்தே கற்றார். படங்களும் சிறு பத்திகளுமாக இருக்கும் அந்த நூல்களில், குறிப்பு எழுதுபவர் எடுத்தாளக்கூடிய அளவுக்கே செய்தி இருக்கும். ஊர் நூலகத்தில் சிறுவர் பகுதிக்குப் போய் விவிலியம், கிரேக்கப் புராணம், அமெரிக்க அதிபர்கள், ஓபரா என்று நான்கு நூல்களை எடுத்துவந்தால் ஒரு மாத வேலை.

பயிற்சிக்கு 'ஜே! ஆர்க்கைவ்' என்ற ரசிகர் களஞ்சியம் இருக்கிறது. ஒளிபரப்பான குறிப்புகள் ஐந்து லட்சத்துக்கு மேல் அதில் திரட்டப்பட்டுள்ளன. 2010-ல் ஒரே ஆட்டத்தில் 77,000 டாலர் எடுத்து அப்போதைய சாதனையை முறியடித்த ரோஜர் கிரேக், இந்தத் திரட்டைக் கணினியால் துறைவாரியாகப் பகுத்து, எது அடிக்கடி வருகிறது என்று பார்த்து, இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் கேட்கும் அட்டை முறையில் படித்தவர். அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. ஓர் ஆட்டத்தில் 61 குறிப்புகள்: முதல் சுற்றில் 30, இரண்டாவதில் 30, இறுதியில் ஒன்று. பலகையில் ஒவ்வொரு தலைப்பும் மேலிருந்து கீழாக ஒரு பத்தி. அதில் மேல் வரிசைக் குறிப்பு மிக எளிது, அதை விட்டுவிடுங்கள். வெவ்வேறு ஆட்டங்களிலிருந்து நடு வரிசை, கீழ் வரிசைகளில் 50 எடுத்து, 15 விநாடிக் கடிகாரம் வைத்து, விடைகளைத் தட்டச்சு செய்து பழகுங்கள். வாயால் சொல்லிப் பழகினால் தட்டச்சு நேரம் கணக்கில் வராது, மதிப்பெண் பொய்யாக ஏறும்.

பழைய குறிப்புகளில் ஒரு பொறி இருக்கிறது. தொடர்ச்சியில்லாமல் இரண்டு முறை பதவி வகித்த ஒரே அதிபர் என்றால் பல ஆண்டுகளாக விடை குரோவர் கிளீவ்லாந்து. 2025 ஜனவரிக்குப் பிறகு 'ஒரே' என்பது பொருந்தாது, டொனால்டு ட்ரம்பும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டார். சுவாசிலாந்து 2018-ல் எஸ்வாத்தினி ஆனது. மாசிடோனியா 2019-ல் வட மாசிடோனியா ஆனது. கஜகஸ்தானின் தலைநகர் 2019-ல் அஸ்தானாவிலிருந்து நூர்-சுல்தான் ஆகி, 2022-ல் மறுபடி அஸ்தானா ஆனது. களஞ்சியத்தில் படிக்கும்போது ஒளிபரப்பான ஆண்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தேர்வுக்குப் பிறகு

தேர்ச்சி பெற்ற அனைவரும் அழைக்கப்படுவதில்லை. கோட்டைத் தாண்டியவர்களிலிருந்து குலுக்கல் முறையில் அடுத்த சுற்றுக்கு எடுக்கிறார்கள். அழைப்பு வந்தால் முதலில் ஜூம் வழியே இரண்டாவது தேர்வு. அதையும் தாண்டினால் மாதிரி ஆட்டம். அங்கே பஸ்ஸருக்கு (விடை சொல்ல முந்தி அழுத்தும் பொத்தான்) பதில் சொடுக்குப் பேனாவைக் கையில் பிடித்து அழுத்த வேண்டியிருக்கும். கூடவே உங்களைப் பற்றிச் சிறு பேச்சு. அதற்கு ஐந்தாறு சுவையான செய்திகளை, ஒவ்வொன்றையும் இரண்டு வாக்கியத்தில் சொல்லும்படி, முன்பே எழுதிவைப்பது நல்லது. அதன் பிறகு பெயர் போட்டியாளர் பட்டியலில் ஏறும். எந்த நாளும் அழைப்பு வரலாம், வராமலும் போகலாம். ஆட்டம் பதிவாவது கலிஃபோர்னியாவின் கல்வர் சிட்டியில். முதல் பயணச் செலவு போட்டியாளருடையது.

இவ்வளவு நீண்ட பாதையில் ஆட்கள் தொலைந்துபோகும் இடம் சில நேரம் மிகச் சாதாரணமானது: மின்னஞ்சல். அழைப்பு மின்னஞ்சலில் வருகிறது. பதிவுப் படிவத்தில் முகவரியில் ஓர் எழுத்து மாறியிருந்தால், அலுவலக முகவரியைக் கொடுத்துவிட்டு வேலை மாறியிருந்தால், கடிதம் குப்பைக் கோப்புறையில் விழுந்திருந்தால், 42 எடுத்ததும் வீண். சொந்தமான, நெடுநாள் நிலைக்கும் முகவரியைக் கொடுங்கள். தேர்வு முடிந்ததும் வரும் முதல் கடிதத்தின் அனுப்புநரைத் தொடர்புப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். வாரத்துக்கு ஒரு முறை குப்பைக் கோப்புறையைத் திறந்து பாருங்கள். ஜூம் நேரம் பசிபிக் நேரத்தில் குறிப்பிடப்பட்டிருந்தால் டொராண்டோவிலும் நியூ ஜெர்சியிலும் இருப்பவர் அதோடு மூன்று மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

பதில் வராததைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ளக் காரணமில்லை. 45 எடுத்தவருக்கும் 25 எடுத்தவருக்கும் கிடைப்பது ஒரே மௌனம்தான். அதனால் எழுதி முடித்த கையோடு ஒரு தாளை எடுத்து, தடுமாறிய துறைகளை மட்டும் குறித்துவிடுங்கள்: ஓபரா, ஹாக்கி, பழைய ஏற்பாடு, சொல் விளையாட்டு. குறிப்புகளை அப்படியே எழுதி மற்றவர்க்கு அனுப்ப வேண்டாம். தேர்வில் இருப்பதை வெளியிடுவது முறையாகாது. அந்தத் தாளின் மேல் எழுதிய தேதியைப் போட்டு, அடுத்த ஆண்டு அதே தேதிக்கு மறுநாளைக் காலண்டரில் வட்டமிட்டுவிட்டு, தாளில் முதலில் இருக்கும் துறைக்கான சிறுவர் நூலை நூலகத்தில் பதிவு செய்துவையுங்கள்.